போனில் டாக்டர் பார்ப்பது நம்ம பக்கத்துக்குச் சரிவருமா?

தேரிக்காடு:
அம்மாவுக்குச் சுகரும் பிரஷரும் இருக்கிறது. திசையன்விளையிலிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தால் அன்றைய பொழுது போய்விடும், எனக்குச் சம்பளமும் போய்விடும். இப்போது அரசின் தொலை மருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியில் வீடியோ வழியாகவே டாக்டரிடம் பேசுகிறோம், காசு கிடையாது. எழுதிவைத்த சுகர் அளவைக் காட்டினால் மாத்திரையைக் கூட்டிக் குறைத்துச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அண்ணாச்சியோ, “தொட்டுப் பார்க்காதவர் என்ன டாக்டர்?” என்கிறார். உங்கள் கருத்து என்ன?

பொருநைக்கரை:
நான் அண்ணாச்சி பக்கம். எங்கள் அப்பாவுக்கு வயிற்றுவலி வந்தபோது ஒரு தனியார் செயலியில் பேசினோம். வாயு என்று மாத்திரை எழுதினார்கள். மறுநாள் பெரியாஸ்பத்திரியில் குடல்வால் வீங்கியிருக்கிறது என்று ஆபரேஷன் செய்தார்கள். வலது அடிவயிற்றை அழுத்தி, சட்டென்று கையை எடுத்துப் பார்த்திருந்தாலே சந்தேகம் வந்திருக்கும். அதை எந்த கேமரா செய்யும்?

தேரிக்காடு:
அது அந்த டாக்டரின் தவறு, வீடியோ முறையின் தவறு இல்லை. 2020 மார்ச் 25-ல் மத்திய அரசு வெளியிட்ட தொலை மருத்துவ நெறிமுறையிலேயே, நேரில் பார்க்க வேண்டிய நோய் என்று தோன்றினால் டாக்டர் அப்படிச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று இருக்கிறது. போதை தரும் மருந்துகளைப் போனில் எழுதவே கூடாது.

பொருநைக்கரை:
சட்டம் இருக்கட்டும். நம்ம ஊர்ப் பெரியவர்கள் உயிர் போகிற வலியையும் “லேசா வலிக்கு” என்றுதான் சொல்வார்கள். எங்கள் அம்பாசமுத்திரம் டாக்டர் தாத்தா காலத்திலிருந்து எங்களைப் பார்ப்பவர். அப்பா “லேசா” என்றால் உடனே கட்டிலில் படுக்கச் சொல்லிவிடுவார். திரையில் முதன்முறையாகப் பார்க்கிறவர் அந்த வார்த்தையை அப்படியே எழுதிக்கொள்வார். ஆளைத் தெரியாமல் நோயை எப்படித் தெரிந்துகொள்வது?

முக்கூடல் நர்ஸ்:
நான் துணை சுகாதார நிலையத்தில் இருக்கிறேன். வீட்டிலிருந்து போனில் பேசுவதும், எங்கள் நிலையத்துக்கு வந்து டாக்டரிடம் பேசுவதும் வேறுவேறு. இங்கே நான் பிரஷர் பார்ப்பேன், கண் இமையை இழுத்து இரத்தசோகை இருக்கிறதா என்று பார்ப்பேன், சுகர்க்காரர்களுக்குப் பாதத்தில் புண் இருக்கிறதா என்று செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் டாக்டரை அழைப்பேன். அரவிந்த் கண் மருத்துவமனையும் கிராமத்துக் கண் மையங்களில் இப்படித்தான் செய்கிறது. அங்கே பயிற்சி பெற்ற பெண் கண்ணைச் சோதிப்பார், டாக்டர் தூரத்திலிருந்து பார்ப்பார்.

இன்னொன்று. பீடி சுற்றும் அக்காமார் வீட்டில் போன் மகனிடம்தான் இருக்கும். அவன் பக்கத்தில் நிற்கும்போது வெள்ளைப்படுதல் பற்றி ஒரு பெண் எப்படிப் பேசுவாள்? சளி, காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்கள். எங்களிடம் வந்தால், கதவைச் சாத்திய பிறகு பேசுகிறார்கள்.

தேரிக்காடு:
அக்கா சொன்ன பாத சோதனை எங்கள் வீட்டு வீடியோவில் நடப்பதில்லை, உண்மைதான். ஆனால் சுகர் மாத்திரைக்கு மாதாமாதம் வரிசையில் நிற்கச் சொல்வது நியாயமா? 2021-ல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரையே வீட்டுக்கு வருகிறது. டாக்டரின் பேச்சும் வீட்டுக்கு வந்தால் என்ன?

பொருநைக்கரை:
வரட்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர் வருகிறாரே, அதுதான் என் கோபம். வீடியோவானாலும் நம்ம வட்டார ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரே பார்க்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவரே நேரிலும் பார்க்கட்டும்.

முக்கூடல் நர்ஸ்:
தம்பி, அதே டாக்டரிடம் காலையிலிருந்து புறநோயாளிகள் கூட்டம் நிற்கிறது. வீடியோவுக்கென்று தனி நேரமும் இன்னொரு டாக்டரும் கொடுக்காமல் அவர் தலையில் இதையும் கட்டினால், எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளிக்குத்தான் நேரம் குறையும். முதலில் அந்தப் பணியிடத்தைக் கேளுங்கள்.