பெர்கோலாவுக்குக் கூரை: சரிவு எப்படிக் கொடுப்பது?

வணக்கம் நண்பர்களே. தோட்டத்தில் மரத்தாலான பெர்கோலா (தூண்கள் மேல் நிற்கும் திறந்த பந்தல்) இருக்கிறது, மேலே வெறும் குறுக்குச் சட்டங்கள்தான். மழையிலும் உட்காரணும், வெளிச்சமும் வேணும். தகரம் வேண்டாம், மழைச் சத்தத்தில் பேசவே முடியாது.

10 மி.மீ. இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் ஷீட் (உள்ளே வெற்றுக் குழல்கள் ஓடும், ஒளி புகும் பிளாஸ்டிக் தகடு) போடலாம் என்றிருக்கிறேன். புற ஊதாக் காப்புள்ள பக்கம் மேலே, உள்குழல்கள் சரிவு வாக்கில், வெயிலில் விரியும் என்பதால் திருகுத் துளை சற்றுப் பெரிதாக. இதுவரை தெரியும். சிக்கல் சரிவில்தான். சட்டங்கள் மட்டமாக இருக்கின்றன. குறைந்தது 5 டிகிரி, அதாவது மீட்டருக்குச் சுமார் 9 செ.மீ. சரிவு வேணும். மேலே ஆப்பு வடிவக் கட்டைகள் அடிக்கலாமா, ஒரு பக்கத் தூண்களைக் குட்டையாக்கலாமா?

இன்னொன்று: ஷீட்டின் கீழ்முனையில் காற்றுப் போகும் டேப் ஒட்டியவர்களே, குழல்களுக்குள் பாசி பிடிக்காமல் இருக்கிறதா? படம் இருந்தால் போடுங்கள்.