புதுப்பிப்பு: வெண்சடப்பொருள் அளவீட்டில் நெற்றிப் பக்கக் கோணல் சரியாகிவிட்டது

நீர் மூலக்கூறுகளின் பரவலை அளக்கும் எம்.ஆர்.ஐ படங்களில் நெற்றிப் பக்கம் மூளை இழுபட்டுக் கிடப்பதால், வெண்சடப்பொருள் (மூளையில் நரம்பு நார்கள் நிறைந்த பகுதி) அளவீடுகளை நம்ப முடியவில்லை என்று திருகோணமலையிலிருந்து முன்பு எழுதியிருந்தேன். பொதுவில் கிடைக்கும் தரவு அது. பதில் தந்த அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும் மிக்க நன்றி.

காரணம் காற்று. மூக்கை ஒட்டிய எலும்புக் குழிகளில் காற்றும் இழையமும் சந்திக்கும் இடத்தில் காந்தப்புலம் பிசகுகிறது. படம் ஒரு திசையில் நீள்கிறது. எதிர்த்திசையில் எடுத்த படமும் அதே தரவில் இருந்தது. அதில் அதே பகுதி நசுங்கியிருந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பிசகைக் கணித்துத் திருத்தியதும், மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நார்க்கற்றையான கோர்பஸ் கலோசத்தின் முன்வளைவு உடற்கூற்றுப் படத்தின் மேல் அச்சாகப் பொருந்தியது. அத்தனை நிம்மதி!

கோணேசபுரியில் படிக்கும் தம்பி ஒருவர் திருத்தங்களை எந்த வரிசையில் செய்வது என்று கேட்டார். இரைச்சல் நீக்கம்தான் முதலில். படத்தை நகர்த்தி, புதிய புள்ளிகளின் மதிப்பை அக்கம்பக்கத்துப் புள்ளிகளிலிருந்து இடைக்கணித்துவிட்டால் இரைச்சலின் இயல்பே மாறிவிடும். தலை அசைவைத் திருத்தும்போது நீர்ப் பரவலை அளந்த திசைகளையும் கூடவே சுழற்ற வேண்டும்.

ஒன்று இன்னும் உறுத்துகிறது. 1994இல் பாசரும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்த டென்சர் மாதிரி (நீர் எத்திசையில் எவ்வளவு பரவுகிறது என்பதைக் காட்டும் கணித மாதிரி), நார்கள் குறுக்கிடும் இடத்திலும் ஒரே முதன்மைத் திசையைத்தான் தரும். நீர்ப் பரவல் எவ்வளவு திசை சார்ந்தது என்பதை 0 முதல் 1 வரை காட்டும் திசைச்சார்பு எண் அங்கே குறைந்தால், அது சேதம் என்று சொல்லிவிட முடியாது. ஆகவே அடுத்து, ஒவ்வோர் இடத்திலும் நார்கள் எத்தனை திசைகளில் பிரிகின்றன என்பதைக் கணிக்கப் போகிறேன். அதில் பழக்கமுள்ளவர்கள் எழுதுங்கள்.