பாட்டுக் கல்லூரியும் கல்விக் கடனும்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

காரைக்குடிப் பெண்
போன மாசம் கானாடுகாத்தானில் ஒரு சாந்திக் கல்யாணக் கச்சேரி, அதாவது அறுபதாம் கல்யாணம். வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருக்கிறோம், காம்போதி ராக ஆலாபனை, தார ஷட்ஜத்தில், அதாவது மேல் ஸா-வில் நிற்கிறேன். பாட்டுக்கு ஆதாரமாகப் பின்னால் ஒலிக்கும் சுருதி என் போனில்தான், அஞ்சரைக் கட்டை. பட்டென்று சுருதி நின்றுவிட்டது. பார்த்தால் பேங்க்காரர்கள் கூப்பிடுகிறார்கள், திரையில் பேங்க் பேர் எரிகிறது. முன்வரிசை ஆச்சிகள் எல்லாருக்கும் அது தெரிந்தது. மிருதங்கம் அண்ணன்தான் மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையைத் தட்டி ஷட்ஜத்தைக் காட்டினார், அதைப் பிடித்துக்கொண்டு முடித்தேன்.

சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் மூன்று வருஷம் வாய்ப்பாட்டு, நாலு லட்சம் கடன். சென்னையில் படித்தால்தான் சபாக்களில் கச்சேரி கிடைக்கும் என்று அப்பாவிடம் அழுது வாங்கிய கடன். இப்போது பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுக்கிறேன், தலைக்கு 600. தவணை அதைவிட அதிகம். அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார், அதை நினைத்தால்தான் தூக்கம் வருவதில்லை.

தேவகோட்டை அம்மா
படிக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது தங்கச்சி. நாங்களும் பேங்கில் போய் நின்றோம். மேனேஜர் படிவத்தைப் பார்த்துவிட்டு, "பாட்டுக்கா? நர்சிங் என்றால் இன்றைக்கே போடலாம்" என்றார். என் மகள் ஒன்றும் பேசவில்லை, மார்க் ஷீட்டை வாங்கி நான்காக மடித்தாள். லேமினேட் பண்ணின மார்க் ஷீட், அது மடிந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம் சிவகங்கை அரசு இசைப் பள்ளியில் குரலிசை சேர்த்தோம். மூன்று வருஷம், கட்டணம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. பாட்டுக்குக் கடனே வாங்கக் கூடாது, அவ்வளவுதான் என் கருத்து. ஆனால் சென்னைக்கு அனுப்பியிருக்கலாமோ என்று அவள் பாட்டுச் சாதகம் பண்ணும் காலை நேரத்தில் தோன்றும்.

புதுவயல்காரன்
கடனே கூடாது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் அக்கா. என் தம்பி வயலினுக்கு வாங்கிய கடனுக்கு நான்தான் உடன் கையெழுத்து, இரண்டு வருஷம் என் சம்பளத்தில் கட்டினேன். ஒரு நாள் அவன் வயலினை விற்றுவிட்டு வந்து காசை என் மேஜையில் வைத்தான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஆனால் தப்பு கடனில் இல்லை, கணக்குப் போடாததில். படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை இல்லை என்பார்கள், வட்டி மட்டும் முதல் நாளிலிருந்தே ஓடும். நாலு லட்சத்தை வருஷத்துக்கு 1.33 லட்சமாக வாங்கி, வட்டி 10.5 சதவீதம் என்று வைத்தால், தவணை தொடங்கும்போது வட்டி மட்டும் 1.26 லட்சம் ஏறியிருக்கும். ஏழு வருஷத்தில் அடைக்க மாசம் ஏறக்குறைய 8,900. சேரும்போதே இந்த எண்ணைத் தாளில் எழுதி, பக்கத்தில் மாசம் எத்தனை டியூஷன், எத்தனை கச்சேரி என்று எழுதிப் பாருங்கள். இடையிலேயே வட்டியை மட்டுமாவது கட்டிக்கொண்டு வந்தால் தவணை ஏறக்குறைய கால் பங்கு குறையும்.

சென்னை என்றால்தான் சபா என்பதும் சரியில்லை தங்கச்சி. வாய்ப்பு குருவாலும் போட்டிகளாலும் வருகிறது, பட்டத்தால் இல்லை. மதுரையிலும் திருவையாற்றிலும் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இசைத்துறை உண்டு, நம் ராஜா அண்ணாமலைச் செட்டியார் 1929-ல் தொடங்கிய பல்கலைக்கழகம், நம் ஊர்ப் பிள்ளைகளே அதை மறந்துவிட்டார்கள். 18 முதல் 25 வயதுக்குள் இருந்தால் மத்திய கலாச்சார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகைக்கு எழுதிப் போடுங்கள், மாசம் 5,000, இரண்டு வருஷம். தேவாரம் நன்றாக வந்தால் ஓதுவார் பயிற்சியையும் விசாரியுங்கள். கல்லூரியைப் பார்க்கும் முன், அங்கே வகுப்பெடுப்பவர் பாடுவதை ஒரு மணி நேரம் கேளுங்கள்.

காரைக்குடிப் பெண்
அண்ணா, அந்த எண்ணை எனக்கு யாரும் எழுதிக் காட்டவில்லை. தம்பி இப்போது வாசிக்கிறாரா?

அந்தக் கச்சேரிக்கு என் பங்கு 2,500. மறுநாளே பேங்கில் கட்டினேன். இப்போது கச்சேரிக்கு மிருதங்கம் அண்ணனின் போனைத்தான் வாங்கி வைக்கிறேன்.