இங்கே வரிசை நீளும்போது இங்கிலாந்துக்குப் போகலாமா?

கொருக்குப்பேட்டைக்காரன்:
போன வாரம் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கப் பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் காலை ஏழு மணிக்கே போய் ஓ.பி. சீட்டு போட்டு உட்கார்ந்தோம், அறையில் ஒரே ஒரு டாக்டர், பதினொன்றரைக்குத்தான் கூப்பிட்டார்கள். அந்த டாக்டர் பெண்ணுக்குத் தலை நிமிர நேரமில்லை. மேசையில் வைத்திருந்த டீயில் ஆடை படிந்து கிடந்தது. அன்றைக்குச் சாயங்காலமே, அரசுக் கல்லூரியில் படித்த எங்கள் தெருப் பையன் இங்கிலாந்து போகிறான் என்று ஸ்வீட் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன், மனசு ஆறவில்லை. நம் வரிப்பணத்தில் படித்துவிட்டு அங்கே ஆள் பற்றாக்குறையைத் தீர்க்கப் போவது நியாயமா?

தண்டையார்பேட்டை அம்மா:
அண்ணா, என் மகள் வேல்ஸில் டாக்டராக இருக்கிறாள். இங்கே ஒப்பந்த வேலையில் சம்பளம் மூன்று மாதம் சேர்ந்து வந்ததைப் பார்த்த பிறகுதான், வெளிநாட்டில் படித்தவர்கள் பிரிட்டனில் டாக்டராகப் பதிவு செய்ய எழுதும் பிளாப் தேர்வின் இரண்டு கட்டத்தையும் எழுதினாள். அவள் வார்டில் ராத்திரி டூட்டியில் கேரளா, நைஜீரியா, எகிப்து என்றுதான் ஆட்கள். பிரிட்டனில் சமீப வருஷங்களில் புதிதாகப் பதிவு செய்யும் டாக்டர்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் படித்தவர்கள். அவர்களும் யாரோ ஒருவருடைய அம்மாவைத்தான் பார்க்கிறார்கள்.

கொருக்குப்பேட்டைக்காரன்:
அதைத்தான் கேட்கிறேன். பணக்கார நாடு தனக்கு வேண்டிய டாக்டரைத் தானே படிக்கவைக்கக் கூடாதா? மருத்துவ ஆட்கள் குறைவு, அங்கிருந்து மற்ற நாடுகள் ஆள் எடுப்பதில் கவனம் தேவை என்று உலக சுகாதார அமைப்பு 2023இல் 55 நாடுகளைப் பட்டியல் போட்டது, அதில் இந்தியா இல்லை. நாடு முழுக்கக் கூட்டிப் பார்த்தால் நாம் பரவாயில்லை போல, காசிமேட்டில் வந்து பார்த்தால் தெரியும்.

ராயபுரம் அரசு டாக்டர்:
நான் இங்கேயே தங்கியவன், காரணம் சொல்கிறேன். தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு முதுநிலை மருத்துவப் படிப்பு இடங்களில் பாதி அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு. இப்படி ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொன்னது. மேற்படிப்பு கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் என்னைப் போல நிறையப் பேர் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் போனோம். ஆளைப் பிடித்து நிறுத்த வழி அதுதான். பாஸ்போர்ட்டைத் தடுத்தால் ஓ.பி. வரிசை ஒரு ஆள்கூடக் குறையாது.

கொருக்குப்பேட்டைக்காரன்:
சரி டாக்டர், அக்கா மகளை நான் குறை சொல்லவில்லை. ஆனாலும் அரசுக் கல்லூரியில் படித்தவர் இரண்டு வருஷமாவது இங்கே பார்த்துவிட்டுப் போகட்டும், அதில் நான் மாற மாட்டேன்.

தண்டையார்பேட்டை அம்மா:
இருக்கச் சொல்லுங்கள் அண்ணா, ஆனால் ஒப்பந்தம் வேண்டாம், நிரந்தர வேலையாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.