பூல் லீக்கில் தொடக்கத் தரநிலையை நியாயமாகக் குறிப்பது எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம். முதன்முறையாக ஒரு பூல் (குழிகளுள்ள மேசையில் கோலால் பந்துகளை அடித்து ஆடும் ஆட்டம்) லீக்கில் சேரவிருக்கிறேன். பூல் ஆட்டக்காரர்களின் திறனை ஆட்ட முடிவுகளிலிருந்து மதிப்பெண்ணாகக் கணக்கிடும் ஃபார்கோரேட் முறையில் எனக்கு இதுவரை ஆட்டப் பதிவுகள் ஏதும் இல்லாததால், தொடக்க மதிப்பெண்ணாக எதை வைக்கலாம் என்று அமைப்பாளர் என்னிடமே கேட்டிருக்கிறார்.

இம்முறையில் இருவருக்கிடையே 100 புள்ளிகள் வேறுபாடு இருந்தால், மேலே உள்ளவர் சராசரியாக இரண்டு ஆட்டங்கள் வெல்லும்போது மற்றவர் ஒன்று வெல்வார் என்பது கணக்கு. 200 ஆட்டங்கள் பதிவான பிறகே ஒருவருடைய மதிப்பெண் நிலைபெற்றதாகக் கொள்ளப்படுகிறது. அதுவரை தொடக்க மதிப்பீட்டின் தாக்கம் நீடிப்பதால், குறைத்துச் சொன்னால் எதிராளிக்கும், கூட்டிச் சொன்னால் என் அணிக்கும் அநீதியாகிவிடும். இரண்டில் குறைத்துச் சொல்வதே மோசமானது என்பது என் கருத்து. மதிப்பெண் வேறுபாட்டை ஈடுகட்ட, குறைந்தவருக்குத் தரப்படும் சலுகையான ஹேண்டிகேப்பை நம்பி மேசைக்கு வருபவரை அது ஏமாற்றுகிறது.

பிரேக் செய்தபின் (அடுக்கிய பந்துகளை முதல் அடியில் கலைத்தபின்) வெள்ளைப் பந்தை விரும்பிய இடத்தில் வைத்து ஆடத் தொடங்கி, ஒரு பந்து தவறினாலும் ஆட்டம் தோற்றதாகக் கொள்ளும் ‘கோஸ்ட்’ பயிற்சியில், ஒன்பது பந்து ஆட்டத்தை நான் எப்போதாவதுதான் முடிக்கிறேன். ஆனால் அது பந்தைக் குழியில் போடும் திறனையும் வெள்ளைப் பந்தின் கட்டுப்பாட்டையும் மட்டுமே காட்டுகிறது. சேஃப்டி ஆடுவதையோ (எதிராளிக்கு எளிய அடி கிடைக்காதபடி பந்தை நிறுத்துவதையோ), எதிராளி முன்னிலையில் எழும் பதற்றத்தையோ அளப்பதில்லை. எனக்கு சேஃப்டி மிகவும் பலவீனம்.

கோஸ்ட் முடிவுகளைத் தொடக்க மதிப்பெண்ணாக மாற்ற நம்பகமான வழி உண்டா? அல்லது, நிலைபெற்ற மதிப்பெண் உள்ளவர்களுடன் நீண்ட போட்டிகள் ஆடி, வெற்றி விகிதத்திலிருந்து கணக்கிடுவதே மேலா? லீக் நடத்திய அனுபவமுள்ளவர்கள், புதியவர்களின் மதிப்பெண்ணை எதைப் பார்த்து முடிவு செய்தீர்கள் என்று எழுதினால் பேருதவியாக இருக்கும்.