டச்சில் குஷியைக் காட்டப் போய் மாட்டிக்கொண்ட தருணங்கள்

ஃபெல்ட்ஹோவன்வாசி:
ஐந்து வருஷம் ஆகிவிட்டது, இன்னும் பிட்டர்பாலன் (கடுகு தொட்டுத் தின்னும் பொரித்த உருண்டை) தட்டைப் பார்த்தால் காது சுடுகிறது. மறுநாள் டீமோடு எஃப்டலிங் கேளிக்கைப் பூங்கா போகிற திட்டம். அன்று வெள்ளி, வேலை முடிந்து வழக்கமான பொரல், அதாவது குடியும் கொறிப்புமாக ஒரு அரட்டை. இருப்பது நெதர்லாந்து என்றாலும் எங்கள் ஆபீஸில் முழுக்க ஆங்கிலம்தான். ஆனால் நான் அப்போதுதான் டச்சில் ஏ2 (ஆரம்பநிலை) முடித்த தெம்பில் இருந்தேன். "நாளைக்கு வருகிறாயா?" என்று டச்சில் கேட்டார்கள். போனில் முன்கூட்டியே தேடி வைத்திருந்த வார்த்தையைப் போட்டு, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்: "இக் பென் ஹேல் ஒப்ஹெவொண்டன்!"

எதிரே இருந்தவர் கடுகு தொட்ட உருண்டையை வாய்க்குப் பாதி வழியில் நிறுத்தினார். குஷியாக இருக்கிறேன் என்று நான் நினைத்தது, அவர்கள் காதில் 'செம மூடில் இருக்கிறேன்' என்று விழுந்திருக்கிறது. ஓய்வு பெறப் போகிற வயதில் ஒரு அம்மா, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், "உனக்கு எர் ஸின் இன், அதாவது அதற்கு ஆசையாக இருக்கிறது, என்று சொல்ல வருகிறாய்" என்று திருத்திவிட்டு, கடுகுக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

மாஸ்கரைக்காரி:
உங்களுடையது பரவாயில்லை. படிக்கிறபோது ராட்டர்டாமில் மாலை நேரத்தில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் அலமாரி அடுக்கினேன். கூட இருந்ததெல்லாம் பதினாறு, பதினேழு வயசுப் பிள்ளைகள். என் பேச்சு டச்சு முழுக்க அவர்களிடம் பிடித்ததுதான். எதுவாவது ரொம்பப் பிடித்துப்போனால் முன்னால் 'கான்கர்' சேர்ப்பார்கள். கான்கர்லெக்கர், கான்கர்ஹூட் (லெக்கர் என்றால் ருசி, ஹூட் என்றால் நல்லது). கான்கர் என்றால் புற்றுநோய் என்பது தெரியாதா என்று கேட்காதீர்கள், தெரியும். 'மரண மாஸ்' என்கிறோமே, மரணம் என்றால் என்ன என்று தெரியாமலா?

ஜனவரிக் குளிரில் ஒரு நாள், வீட்டுக்கார அம்மா கீழே சாப்பிடக் கூப்பிட்டார். எழுபது தாண்டியவர். பட்டாணி சூப், ஸ்பூனை நட்டால் நிற்கும் அளவுக்குக் கெட்டி. ஒரு வாய் வைத்தேன். "கான்கர்லெக்கர்!"

அகப்பையை அவர் சட்டியில் வைக்கவில்லை, மேஜைவிரிப்பில் வைத்தார். வெள்ளைத் துணியில் பச்சையாகப் பரவியது. "இந்த வீட்டில் அந்தச் சொல் வேண்டாம்." சுவரில் அவர் கணவர் படம். எதில் போனார் என்று நான் கேட்கவில்லை.

இந்த ஊரில் திட்டுவதே நோயை வைத்துத்தான். டேரிங் என்றால் காசநோய், டீஃபஸ் என்றால் டைஃபாய்டு, காலரா சிதைந்து 'க்லேர'. "பேதியில போவான்", "கொள்ளையில போக" என்று திட்டுகிற பாட்டியிடம் வளர்ந்தவள் நான். எனக்காவது உறைத்திருக்க வேண்டும்.

பழையவாத்தியார்:
முதல் பதிவர் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார். ஒப்ஹெவொண்டன் கெட்ட வார்த்தையே இல்லை. டிசம்பர் 5 சின்டர்க்ளாஸ் மாலையில் குழந்தைகள் ஒப்ஹெவொண்டனாகத்தான் இருப்பார்கள். வளர்ந்த ஆள் தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்ளும்போதுதான் வம்பு. சரியான வாக்கியம் "இக் ஹெப் எர் ஸின் இன்". இதில் அந்த 'எர்' விட்டுப்போகக் கூடாது. அந்த இடத்தில் ஆளைக் குறிக்கும் சொல்லைப் போட்டீர்களானால் மறுபடியும் அதே பள்ளம்.

அப்புறம் லெக்கர். சாப்பாட்டுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். வெயில் அடித்தால் லெக்கர் வேர், நன்றாகத் தூங்கு என்பதற்கு ஸ்லாப் லெக்கர், ஒருவர் வேலையை ஜோராகச் செய்துகொண்டிருந்தால் லெக்கர் பெஸிஹ். ரயில் ரத்தானால் பிளாட்பாரத்தில் ஒருவர் "லெக்கர் டான்" என்பார். அது சந்தோஷம் இல்லை, நாம் "ரொம்ப நல்லது போ" என்பது மாதிரி. ஒரு மனுஷரைப் பார்த்து லெக்கர் என்று சொல்லிவிடாதீர்கள். ஜெர்மனியில் இருந்துவிட்டு வருபவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை: அங்கே 'சூப்பர்' என்பதற்குச் சொல்கிற கைல், எல்லை தாண்டி ஹைல் ஆனதும் படுக்கையறைச் சொல். எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். தவிர, குஷியை முன்கூட்டி அறிவிப்பதே இங்கே பழக்கம் இல்லை. "சாதாரணமாக இரு, அதுவே போதுமான பைத்தியக்காரத்தனம்" என்பது இவர்கள் பழமொழி. தெரியாத இடத்தில் "லோய்க்" (நன்றாக இருக்கிறது) என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது உத்தமம்.

என் அனுபவம் என்றால், 2014 ஜூன் 13, உலகக் கோப்பையில் ஸ்பெயினை 5-1 என்று அடித்த இரவு. பக்கத்து வீட்டுக்காரர் "தெ ஹெக்! தெ ஹெக்!" (பிரமாதம்!) என்று கத்திக்கொண்டே என்னைக் கட்டிப்பிடித்தார். மறுநாள் காலை குப்பைத்தொட்டி தள்ளும்போது என்னை அதற்கு முன் பார்த்ததே இல்லை என்பது போல ஒரு வணக்கம்.

கந்தோர்க்காரன்:
நான் யாழ்ப்பாணம். 1986இல் வந்தனான். அந்த நேரம் படித்த டச்சுதான் இன்னும் வாயில் வருகிறது. மகளின் பதினைந்தாவது பிறந்தநாளுக்கு அவளுடைய சிநேகிதப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஒரு பிள்ளை ஏதோ கச்சேரிக்கு டிக்கெட் கிடைத்த கதையைச் சொன்னாள். நானும் சந்தோஷத்தில், "டாட் இஸ் ஃபெட் ஹாஃப், ஸெஹ்!" என்றேன். ஃபெட் என்றால் கொழுப்பு, ஹாஃப் என்றால் பழுதில்லாதது. சொத்தை இல்லாத பல்லுக்குப் பல் டாக்டர் சொல்லுவார். இரண்டும் சேர்ந்தால் 'விசயம் திறம்' என்று அர்த்தம். அர்த்தமாக இருந்தது எண்டு சொல்ல வேணும்.

அந்தப் பிள்ளை மிகவும் மரியாதையாக, "யா, மெனேர் (ஐயா), லோய்க்" என்றாள். வாத்தியார் சொல்கிற அதே லோய்க். மகள் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குசினிக்குள் கூட்டிப்போய், "அப்பா, ப்ளீஸ்" என்றாள், வேறொன்றும் இல்லை.

1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த உலாந்தாக்காரன் (டச்சுக்காரன்) கந்தோர் (அலுவலகம்), கக்கூசு எண்டு எங்களுக்குத் தந்துவிட்டுப் போன சொற்கள் முன்னூறு வருசத்துக்கு மேலாகியும் அப்படியே கிடக்கின்றன. அவனுடைய ஊரிலேயே நான் படித்த சொல் என்ர தலை நரைக்க முதல் செத்துப் போச்சு. இப்ப பிள்ளையள் 'ஃபாகா' (எப்படி இருக்கிறாய்) எண்டு கதைக்கிறார்கள், அது சுரினாமில் இருந்து வந்த சொல். நான் அதைச் சொன்னால் மகள் வீட்டை விட்டே போய்விடுவாள்.

கெண்ட்டிலிருந்து:
எல்லாரும் நெதர்லாந்தை மட்டுமே டச்சு என்று எழுதுகிறீர்கள். பெல்ஜியத்தில் வாத்தியாரின் லெக்கர் பாடம் பாதி செல்லாது. இங்கே லெக்கர் பெரும்பாலும் சாப்பாட்டோடு நின்றுவிடும். 'ஸ்லாப் லெக்கர்' என்றால் ஹாலந்துக்காரி வந்துவிட்டாள் என்பார்கள். ஸின் என்பதற்கு 'ஹூஸ்டிங்', பிரமாதம் என்பதற்கு 'தெ மாக்ஸ்'. எங்கள் கெண்ட்டில் 'வெய்ஸ்'. கெண்ட்டுக்கு வெளியே அதற்கு ஞானம் என்று அர்த்தம். இது தெரியாமல் நெதர்லாந்தின் உட்ரெக்டில் நேர்முகத் தேர்வு முடிந்து, வேலை உங்களுக்குத்தான் என்றதும், "கெய்வெய்ஸ்!" என்றேன். மகா விவேகம் என்று அவர்களின் முடிவைப் பாராட்டியதாக எடுத்துக்கொண்டு, மேலாளர் தலையைக் குனிந்து நன்றி சொன்னார். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

ஃபெல்ட்ஹோவன்வாசி:
வாத்தியாரே, மிகைப்படுத்தவில்லை. உருண்டை நின்றதை நான் பார்த்தேன், நீங்கள் பார்க்கவில்லை. குழந்தைகளுக்குச் சொல்லலாம் என்றால் சரி, நான் அன்றைக்குக் குழந்தை இல்லையே. பிரபாந்து மாகாணத்தில் இருக்கிற எனக்கு இப்போது 'கெய்' ஒன்றே கை கொடுக்கிறது. கெய்லோய்க், கெய்ஹூட், எதற்கு முன்னாலும் ஒட்டிக்கொள்ளும். பாறாங்கல் என்று அர்த்தம், யாரையும் புண்படுத்தாது. மாஸ்கரைக்காரி, அந்த அம்மா அப்புறம் பேசினாரா?

மாஸ்கரைக்காரி:
பேசினார். அடுத்த வாரம் சூப்பும் வந்தது, டப்பாவில் போட்டு மாடிப்படியில் வைத்திருந்தார்.

க்ரோனிங்கன்மழை:
நான் யாரையும் புண்படுத்தவில்லை, என் மானம்தான் போயிற்று. பையனைக் கால்பந்துக்குக் கூட்டிப்போகும் இடத்தில் கோச், ஒவ்வொரு கோலுக்கும் "ஹாட்ஸ ஃப்ளாட்ஸ்!" என்பார். அர்த்தமெல்லாம் கிடையாது, நம் 'அப்படிப் போடு' மாதிரி ஒரு சத்தம். வீடு வாங்கி நோட்டரி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். கோட்டு, டை, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், பக்கம் பக்கமாகப் படித்து முடித்தார்கள். கையெழுத்துப் போட்டேன். பதினோரு வருஷ வாடகை வாழ்க்கை முடிந்தது என்று நினைத்ததும் வாயிலிருந்து வந்தது: "ஹாட்ஸ ஃப்ளாட்ஸ்!" மனைவி என் காலை மிதித்தாள். மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறந்தார், மூடினார்.

கெண்ட்டிலிருந்து:
நோட்டரி என்ன சொன்னார்? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

க்ரோனிங்கன்மழை:
பேனாவைத் திரும்ப என்னிடம் நீட்டி, "இன்னும் அடமானப் பத்திரம் பாக்கி இருக்கிறது, மெனேர்" என்றார்.