லெப்பர்ட் கெக்கோ இரை எடுக்க மறுக்கிறது, எச்சமும் சரியாக இல்லை: என்ன செய்யலாம்?

மழைக்குருவி (ரொறொன்ரோ):

வணக்கம். எங்கள் வீட்டில் நான்கு வயது ஆண் லெப்பர்ட் கெக்கோ (வீட்டில் வளர்க்கும் புள்ளிப் பல்லி) ஒன்று இருக்கிறது. தை மாதத்தில் புதிய தொடர்மாடி வீட்டுக்குக் குடிவந்த பின்னர் அது இரை எடுப்பது படிப்படியாகக் குறைந்தது. இப்போது இடுக்கியில் புழுவை நீட்டினால் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. முன்பு 68 கிராம் இருந்த எடை 61 கிராமுக்கு இறங்கிவிட்டது. கடைசியாக இட்ட எச்சம் இளகியிருந்தது. அதற்குள் மீல்வேர்ம் புழுக்கள் உருக்குலையாமலே கிடந்தன. எச்சத்தோடு வரும், வெள்ளையாக இருக்க வேண்டிய யூரேட் (சிறுநீர்க் கழிவு) கட்டியும் மஞ்சளாக இருந்தது.

தொட்டியின் அடியில் சூட்டுப்பாயும், உள்ளே கல்சியம் மணலும் உள்ளன. பக்கக் கண்ணாடியில் ஒட்டிய வெப்பமானி 27 பாகை காட்டுகிறது. அண்மையில் ஒரு விற்பனைக் கண்காட்சியில் இன்னொரு சிறிய கெக்கோவையும் வாங்கினோம். அது அதே தட்டில் வேறு தொட்டியில் இருக்கிறது, ஆனால் இரண்டுக்கும் இடுக்கி ஒன்றுதான். மிருக வைத்தியரிடம் போவதற்கு முன் வீட்டில் செய்யக்கூடியது ஏதும் உண்டா?

தும்பி:

எடை குறைவதை அப்படியே விட்டுவிடக் கூடாது. ஊசியில்லாச் சிரிஞ்சில் இரண்டு சொட்டு ஒலிவ் எண்ணெய் கொடுத்தால் மலச்சிக்கல் இளகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதன் பிறகு புழுவை நசுக்கி அதன் சாற்றை வாயோரத்தில் தடவினால் பல்லி நக்கத் தொடங்கும்.

பாறைநிழல் (பர்மிங்காம்):

தும்பி சொல்லும் எண்ணெய் வைத்தியத்தை இந்த நிலையில் தயவுசெய்து செய்ய வேண்டாம். சோர்ந்திருக்கும் பல்லியின் வாயில் எண்ணெய் விட்டால் அது மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும் ஆபத்து உண்டு. உடல் குளிர்ந்திருக்கும்போது எதை ஊட்டினாலும் அது வயிற்றில் செரிக்காமல் தங்கிப் புளிக்கும், அல்லது வெளியே கக்கப்படும். பசியின்மையை இரையைக் கொண்டு சரிசெய்ய முயல்வதற்கு முன், அந்த இரையைச் செரிக்கும் வெப்பம் உடலுக்குக் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் விவரத்தில் எனக்கு முதலில் உறுத்தியது அந்த 27 பாகைதான். கண்ணாடியில் ஒட்டும் வெப்பமானி காற்றின் வெப்பத்தைத்தான் ஏறக்குறைய காட்டும். பல்லியின் வயிறு படும் தரை எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை அது சொல்லாது. சூடான மறைவிடத்தின் தரை 31 முதல் 33 பாகை வரையிலும், எதிர்ப்பக்கம் 24 பாகை அளவிலும் இருக்க வேண்டும். அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை வாங்கி, மணலை விலக்கித் தரையை நேராக அளந்து பாருங்கள். மணல் தடிப்பாக இருந்தால் பாயின் சூடு மேலே வராமல் அடியிலேயே தேங்கிவிடும். சூட்டுப்பாய்க்குச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லையென்றால் அதையும் உடனே பொருத்துங்கள். கட்டுப்பாடில்லாத பாய் வயிற்றைச் சுட்டுவிடும்.

ஆண் கெக்கோ குளிர்காலக் கடைசியில், இனப்பெருக்கப் பருவத்தை ஒட்டி, சில வாரம் இரையை வெறுப்பது வழக்கம்தான். தோல் உரிக்கும் நாட்களிலும் அப்படித்தான். ஆனால் அப்போது வாலின் பருமன் பெரிதாகக் குறையாது, எச்சமும் இப்படி மாறாது. உங்கள் பல்லி உடல் எடையில் பத்தில் ஒரு பங்கை இழந்திருக்கிறது. அதனுடன் செரிக்காத இரையும் சேர்வதால் இது பருவ விரதம் என்று நான் நினைக்கவில்லை. மஞ்சள் யூரேட் பெரும்பாலும் நீர்ச்சத்துக் குறைவைக் காட்டும். ஆழமில்லாத, 30 பாகை அளவிலான வெதுவெதுப்பான நீரில் கால்மணி நேரம் நிற்க விடுங்கள். மறைவிடம் ஒன்றில் ஈரப் பாசியையும் வையுங்கள்.

மணலை இன்றே எடுத்துவிட்டுச் சமையலறைத் தாளை விரியுங்கள். அடுத்த எச்சம் தாளில் விழுந்தால் அதை அப்படியே சிறு டப்பாவில் எடுத்து, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லலாம்.

மணல்வீடு:

மணலையே குற்றவாளியாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த இனம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய வறண்ட பகுதிகளில் கல்லும் இறுகிய மண்ணும் கலந்த நிலத்தில் வாழ்வது. தூசு படாமல் எங்கே வளர்ந்தது? போதிய சூடும் நீரும் கல்சியமும் கிடைக்கும் பல்லி விழுங்கும் சிறிதளவு மண் எச்சத்தோடு வெளியேறிவிடும். குடல் அடைத்துக்கொள்வது பெரும்பாலும் குளிரின், நீர்க்குறைவின் பின்விளைவு. ஆனாலும் கல்சியம் மணல் வேறு சங்கதி. சத்துக்குறைவுள்ள பல்லி அதைத் தேடி நக்கித் தின்னும். அதனால் அதைக் கழிக்கச் சொன்னது சரியே. கல்சியத் தூளைச் சிறு மூடியில் தனியாக வையுங்கள்.

பாறைநிழல் (பர்மிங்காம்):

மணல்வீடு சொல்வதை ஏற்கிறேன். நோய் பார்க்கும் காலத்தில் தாள் விரிக்கச் சொல்வது எச்சம் கண்ணில் படுவதற்காகவும்தான்.

புதிதாக வந்த கெக்கோவைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. கிரிப்டோஸ்போரிடியம் வரானை என்ற ஒட்டுண்ணி இந்த இனத்தின் சிறுகுடலைத் தாக்கி, வாலைக் குச்சியாக மெலியவைக்கும். அதை முற்றாக நீக்கும் நம்பகமான மருந்து இன்றுவரை இல்லை. அதன் முட்டையுறைகள் எச்சத்தின் வழியே, ஒரே இடுக்கியின் வழியேகூடப் பரவும்; வழக்கமான பிளீச் அவற்றைக் கொல்லாது. புதியதை வேறு அறைக்கு மாற்றி, அதற்கென்று தனி இடுக்கியும் கிண்ணமும் ஒதுக்குங்கள். மூத்ததைக் கவனித்து முடித்த பிறகு அதனிடம் போய், பின்னர் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். மருத்துவரிடம் இரண்டின் எச்சத்துக்கும் பிசிஆர் (ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும்) சோதனை கேளுங்கள்.

மழைக்குருவி (ரொறொன்ரோ):

எல்லோருக்கும் நன்றி. அளந்து பார்த்தபோது சூடான மறைவிடத்தின் தரை 25 பாகைதான் இருந்தது. தெர்மோஸ்டாட் இருக்கிறது, ஆனால் வீடு மாறியபோது அதன் உணரி பாயின் நடுப்பகுதியில் அழுந்திக்கொண்டதால், மணலின் அடியில் தேங்கிய சூட்டை அளந்து பாயை அடிக்கடி அணைத்துவந்திருக்கிறது. மிருக வைத்தியர் எக்ஸ்ரே எடுத்தார். பின்குடலில் கொஞ்சம் மணல் தெரிகிறது, அடைப்பு இல்லை என்றார். எச்சத்தில் ஊசிப்புழு முட்டைகள் இருந்ததால் எடைக்கேற்ப பென்பெண்டசோல் என்ற புழு மருந்து கொடுத்திருக்கிறார். இரண்டுக்கும் கிரிப்டோ சோதனையில் ஒன்றும் தென்படவில்லை. சூடு 32 பாகைக்கு வந்ததிலிருந்து பல்லி மாலையில் வெளியே வந்து உலாவுகிறது. இரையை எப்படித் திரும்பத் தொடங்குவது?

பாறைநிழல் (பர்மிங்காம்):

நல்ல செய்தி. கிரிப்டோ ஒட்டுண்ணி எச்சத்தில் விட்டுவிட்டுத்தான் வெளியேறும் என்பதால், ஒரு சோதனையில் தென்படவில்லை என்று ஓய்ந்துவிடாமல் சில வார இடைவெளியில் மறுபடியும் செய்யச் சொல்லுங்கள். அதுவரை இரண்டையும் பிரித்தே வையுங்கள்.

மணல் கலந்த எச்சம் ஒன்று வெளியேறிய பிறகு, மாலையில் விளக்கணைத்ததும், கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தைவிடச் சிறிய சுவர்க்கோழி இரண்டை மட்டும் விடுங்கள். மீல்வேர்மின் தோல் தடித்தது. அதை இப்போதைக்கு ஒதுக்கலாம். வாக்ஸ்வேர்ம் புழு கொடுத்தால் உடனே தின்னும், பிறகு கொழுப்பு நிறைந்த அதைத் தவிர வேறெதையும் தொடாமல் அடம்பிடிக்கும். தின்னாத பூச்சிகளை இரவு முழுக்கத் தொட்டியில் விடாதீர்கள், அவை பல்லியைக் கடிக்கும். தின்ற இரை செரித்து எச்சமான பின்னரே அடுத்த இரை. வாரத்துக்கு ஒரு முறை அதே தராசில், அதே நேரத்தில் நிறுத்து எழுதி வையுங்கள். 61 கிராமுக்குக் கீழே போனால் காத்திருக்காமல் மறுபடி மருத்துவரிடம் போங்கள்; ஊட்டக் குழம்பைக் குழாய்வழி கொடுக்க வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.